தோணி அட்டைப் புத்தகமும் சூசைமுத்துவின்ரை பூசையும்

பூசை முடிஞ்சு, முக்காட்டை எடுத்துத் தோளிலை போட்டுக்கொண்டு வெளியிலை வாறன். கோயில் வாசலிலை ஆம்பிளையள் ஒரு கூட்டமா நிக்கினம். மற்ற ஞாயிறு எண்டால் அவையள் அந்த நேரம் தேத்தண்ணிக் கடைக்குப் பறந்திருப்பினம். அண்டைக்கு ஒருத்தரும் அசையேல்லை.

மரியான் அண்ணை வெள்ளைச் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தார். எங்கடை குருநகர்க் கரையிலை கடலுக்குப் போனவன் ஒருத்தன் பிந்தினாலும் முதல் வள்ளத்தைத் தள்ளுற மனுசன் அவர்.

"ஞானம்மா, ஆர் இந்தச் சூசைமுத்து?"

பக்கத்திலை நிண்ட லூத்தம்மா என்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுக்கிறாள்.

"அது... எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பொடியன் அண்ணை."

"எந்த வள்ளத்திலை போனவன்?"

"தோணியிலை."

"தோணியிலையோ! இந்தச் சோளகக் காத்துக்கை தோணியிலை விட்டது ஆர்? வீட்டிலை பெரியாக்கள் இல்லையோ? ரண்டு வள்ளம் எண்ணெய் அடிச்சு நிக்குது. கெதியாச் சொல்லு, கடைசியா எந்தப் பக்கம் நிண்டவன்?"

நான் வாயைத் திறக்க முந்தி லூத்தம்மா சொல்லிப்போட்டாள்: "போன அதிகாரத்திலை நிண்டவன் அண்ணை. பிறகு வாசிக்கிற ஜசிக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

நடந்தது என்னெண்டால், பூசை துடங்கேக்கை சுவாமி மைக்கிலை வடிவா வாசிச்சவர்: "கடலுக்குச் சென்று இன்னும் கரை திரும்பாத சூசைமுத்து பாதுகாப்பாகத் திரும்பி வர இன்றைய திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகின்றது." கோயில் முழுக்கத் திரும்பிப் பாத்தது. சூசைமுத்து ஒரு நாவலிலை வாற ஆள் எண்டு எங்களுக்குத் தெரியும். சுவாமிக்குத் தெரியாது. பாவம்.

படிக்கத் தெரியாதவளிட்டைக் கேட்ட கேள்வி

போன கிழமை நான் பல்லுக் கட்டப் போன கதை சொன்னன். அதுக்குப் பிறகு உங்களிலை ஒரு பிள்ளை இந்தப் பேப்பருக்குக் கேட்டு எழுதியிருக்காம்: "ஆச்சி, இந்த வெயிலுக்கு வாசிக்க நல்ல நாவல் சொல்லுங்கோ" எண்டு. என்னட்டை! எனக்கு "அ"னாவும் தெரியாது, ஆனைக்குட்டியும் தெரியாது. நான் வாயாலை சொல்லுறன், என்ரை மருமகள் ஜசிந்தா எழுதிறாள். உது உங்களுக்கு முதல் கிழமையே சொன்னனான்.

ஆனாலும் பிள்ளை, நீ சரியான ஆளிட்டைத்தான் கேட்டிருக்கிறாய். இந்த வெயில் காலத்திலை நான் கேட்ட நாவல் அளவுக்குப் படிச்ச ஆக்களே வாசிச்சிருக்க மாட்டினம்.

எங்கடை வீட்டு முத்தத்திலை ஒரு பெரிய பூவரசு நிக்குது. மத்தியானம் சோறு திண்டு, சட்டி பானை கழுவி, வலையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அதுக்குக் கீழை இருப்பம். நான், லூத்தம்மா, றோசம்மா. மூண்டு பேரும் ஒரே ஒழுங்கையிலை கலியாணம் முடிச்சு வந்து, ஒரே ஒழுங்கையிலை கிழவியளானவை. நண்டு கடிச்ச வலை ஓட்டை ஓட்டையாக் கிடக்கும். அதைப் பொத்துறதுதான் வேலை. கையும் கண்ணும் வேலை செய்யும். காது சும்மா இருக்கும்.

அந்தக் காதுக்குத்தான் ஜசி வாசிக்கிறவள். பாலர் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறாள், லீவு விட்டால் வீட்டிலை நிப்பாள். முதலிலை தனக்குள்ளை வாசிச்சுச் சிரிச்சுக்கொண்டிருந்தாள். லூத்தம்மாவுக்குப் பொறுக்கேல்லை.

"உதென்னடி தனியச் சிரிக்கிறாய்? சத்தமா வாசி. நாங்களும் மனுசர்தானே."

அப்பிடித் துடங்கினது.

அட்டையைப் பாத்துத்தான் சொல்லுவன்

புத்தகத்தின்ரை பேர் எனக்கு நிக்காது. எழுதினவரின்ரை பேரும் நிக்காது. அட்டையிலை கிடக்கிற படத்தை வைச்சுத்தான் நாங்கள் கதைக்கிறது. நீங்களும் லைபிறரியிலை போய் அட்டையைப் பாத்துத் தேடுங்கோ. ஜசி முறைக்கிறாள். முறைக்கட்டும்.

முதல் வாசிச்சது கிணத்தடி அட்டைப் புத்தகம். அக்காவும் தங்கச்சியும், ஒரு பங்குக் கிணறு. ஆர் முதல் அள்ளுறது எண்டு சண்டை துடங்கி, பேரப்பிள்ளை காணுமட்டும் சண்டை. அக்கா காய்ச்சலிலை படுத்தாப் போலை தங்கச்சிக்குத் தண்ணி அள்ளவே மனம் வரேல்லை, திட்ட ஆளில்லாமல். வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, "எடி, சாகப் போறியோ, இல்லாட்டி எழும்பி வந்து சண்டை பிடிக்கப் போறியோ?" எண்டு கேப்பாள். நான் சிரிச்ச சிரிப்பிலை வலை ஊசி எங்கையோ பறந்து போச்சு.

அதிலை ஒரு இடத்திலை அக்கா கூழ் காய்ச்சுவாள். ஒடியல் மா கரைக்கிறது, நண்டு போடுறது, பிலாக்கொட்டை போடுறது, புளி விடுறது எல்லாம் ஒண்டும் விடாமல் எழுதியிருக்கு. பின்னேரம் பாத்தால் எங்கடை ஒழுங்கையிலை மூண்டு வீட்டிலையும் கூழ் கொதிக்குது. எழுத்தாலை ஒருத்தரைப் பசிக்க வைக்கிறது லேசுப்பட்ட வேலையே!

பேந்து கண்ணாடிக் கோப்பை அட்டை. அது கொலைப் புத்தகம். மலைநாட்டிலை ஒரு பெரிய பங்களா, விருந்திலை துரை செத்துப்போனார். லூத்தம்மா ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தரைப் பிடிச்சுக் குடுத்தாள். சமையல்காரன் எண்டாள், டொக்டர் எண்டாள், துரையின்ரை நாயையும் ஒரேயொரு பொம்பிளையையும் தவிர எல்லாரையும் சொல்லிப்போட்டாள். கடைசியிலை அவள் சொல்லாத ஆள்தான் செய்தது. "நான் முந்தியே நினைச்சனான், உவளின்ரை முழியிலை தெரிஞ்சுது" எண்டாள். எழுத்திலை முழி எங்கை தெரிஞ்சுதோ!

ஒரு மீசைக்கார ஐயாவின்ரை முகம் போட்ட புத்தகமும் வந்தது. அது வேண்டாம். வாசிக்கிறவளே நித்திரையாப் போனாள்.

எங்களிட்டைச் சில சட்டம் இருக்கு. வாசிக்கிறவளும் முன்னுக்குப் புரட்டிப் பாக்கக் கூடாது. எங்களோடை சேந்துதான் அவளும் போக வேணும். "உச்" கொட்டலாம், அழலாம், கேள்வி கேக்கேலாது. வாசிக்கிறவளுக்குத் தேசிக்காய்த் தண்ணி முறை வைச்சுக் கரைச்சுக் குடுக்க வேணும், சீனி குறைஞ்சால் அண்டைக்கு வாசிப்பும் குறையும்.

தோணி அட்டை

இப்ப வாறன் சூசைமுத்துவிட்டை.

நீல அட்டை. ஒரு சின்னத் தோணி, அதிலை ஆளில்லை. ஜசி அதை எடுத்துக்கொண்டு வரேக்கையே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என்ன கதை எண்டு அவளுக்கும் தெரியாது. வாசிக்கத் துடங்கின பிறகுதான் தெரியுது: பிலோமினா எண்டு ஒரு பெட்டை, அவளின்ரை புருசன் சூசைமுத்து, கையிலை ஒரு பெண்குழந்தை. ஒரு விடியக்காலமை அவன் கடலுக்குப் போறான். பின்னேரம் எல்லாரும் வந்திட்டினம், அவன் வரேல்லை.

ஜசி அந்த இடத்திலை நிப்பாட்டினாள். நான் வலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். லூத்தம்மாவும் வலையைப் பாக்கிறாள். ஒருத்தரும் றோசம்மாவைப் பாக்கேல்லை.

ஏனெண்டால் அது றோசம்மாவின்ரை கதை. அவளின்ரை புருசன் அருளப்பு கடலுக்குப் போகேக்கை மகள் செலினுக்குப் பல்லும் முளைக்கேல்லை. அந்த நாளையிலை போனவை எத்தினை பேர் வரேல்லை! காத்தோ, வேறை என்னவோ. கேக்கவும் பயம், சொல்லவும் ஆளில்லை. தோணியும் ஒதுங்கேல்லை, ஆளும் ஒதுங்கேல்லை. ஊரிலை பாதிச் சனம் "வருவான், வேறை தேசத்திலை நிப்பான்" எண்டுது. மற்றப் பாதி "போனவன் போட்டான், நீ வெள்ளைச் சீலையை உடு" எண்டுது. அவள் ரண்டு பகுதிக்கும் மறுமொழி சொல்லேல்லை. வருசா வருசம் அவன் திரும்பி வர எண்டு பூசைக்குக் குடுப்பாள். செத்த ஆத்துமாவுக்கு எண்டு குடுக்கவே மாட்டாள்.

"வேறை புத்தகம் எடுப்பமே றோச மாமி?" எண்டு ஜசி மெல்லக் கேட்டாள்.

"ஏன்? வாசி. பேந்து என்ன நடந்தது?" எண்டாள் றோசம்மா. கேள்வி கேக்கேலாது எண்ட சட்டத்தை அண்டைக்கு ஒருத்தரும் ஞாபகப்படுத்தேல்லை.

சூசைமுத்துவுக்குப் பூசை குடுப்பம் எண்டது லூத்தம்மா. பகிடியாத்தான் சொன்னவள். றோசம்மா பகிடியா எடுக்கேல்லை. "எனக்குத்தான் அந்தக் கோயில் கந்தோர் வழி பழக்கம், நான் போறன்" எண்டு எழும்பிப் போனாள்.

கோயில் வாசலிலை உண்மை வெளிக்க, மரியான் அண்ணைக்கு வந்துதே கோவம்! "விசர் மனிசியள்! புத்தகத்திலை காணாமல் போனவனுக்கு நான் வள்ளம் தள்ளவோ?" எண்டு கத்தினார். பிறகு ஆர் பூசைக்குக் குடுத்தது எண்டு தெரிஞ்சுது. மடிச்ச சட்டைக் கையைக் கீழை இறக்கிவிட்டார். என்னட்டைக் குனிஞ்சு கேக்கிறார்:

"அப்ப, இன்னும் வரேல்லையோ அவன்?"

அடுத்த நாள் மத்தியானம் அவரும் பூவரசடிக்கு வந்திட்டார். வலையைப் பாக்க வந்தவராம்.

ஒரு சொல்லிலை நிண்ட கலியாணம்

இதுக்குள்ளை இன்னொரு சங்கதி ஓடிக்கொண்டிருந்தது. செலினுக்குக் கலியாணம் பேசி முடிச்சாச்சு. பாசையூர்ப் பொடியன், நல்ல குணம். தாலி கட்ட முந்தி, ஆரை ஆர் முடிக்கப் போகினம் எண்டு கோயிலிலை அறிவித்தல் வாசிக்க வேணும். அதிலை தாய் தகப்பன்ரை பேர் வரும். உயிரோடை இருந்தால் "திரு" எண்டு வாசிப்பினம், இல்லாட்டி "காலஞ்சென்ற" எண்டு வாசிப்பினம்.

"எது வாசிக்க, றோசம்மா?" எண்டு சுவாமி கேட்டவர்.

திரு எண்டால், எங்கை அந்தத் திரு எண்டு சம்பந்தி வீட்டுச் சனம் கேக்கும். காலஞ்சென்ற எண்டால், அவள் தன்ரை வாயாலையே புருசனைப் புதைக்க வேணும். எப்பிடிச் சொல்லுவாள்?

"தோணிப் புத்தகம் முடியட்டும் சுவாமி" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டாள்.

ஜசிக்குச் சோறு இறங்கேல்லை. "மாமி, நான் ஒரு கதை வாசிக்க வெளிக்கிட்டு ஒரு கலியாணத்தையெல்லே நிப்பாட்டிப் போட்டன்!" எண்டு அழுதாள். மாப்பிள்ளையின்ரை தாய் ரண்டு தரம் ஆள் விட்டுக் கேட்டாச்சு, என்ன சுணக்கம் எண்டு. பொடியனும் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தவன், திரும்பிக் கொழும்புக்கு வேலைக்குப் போக வேணும்.

ஒரு நாள் காலமை செலின் எங்கடை குசினிக்குள்ளை வந்து நிக்கிறாள். முகம் வீங்கிக் கிடக்கு.

"ஜசியக்கா, முடிவு என்னவா இருந்தாலும், அவர் செத்திட்டார் எண்டு வாசியுங்கோ."

"என்னடி சொல்லுறாய்?"

"வந்திட்டார் எண்டு வாசிச்சால் அம்மா சாகுமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டிருப்பா. நான் அவவை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

அவள் போக, வேலிப் பொட்டுக்குள்ளாலை லூத்தம்மா தலையை நீட்டுறாள். "செத்திட்டான் எண்டு மட்டும் வாசிச்சிடாதை பிள்ளை. றோசம்மா அதிலையே விழுந்து போவாள். கரைக்கு வந்திட்டான் எண்டு வாசி. ஆர் அறிய?"

ஜசி என்னைப் பாத்தாள். எனக்கு என்ன தெரியும்? எழுத்துத் தெரியாத எங்களுக்கு வாசிக்கிறவளின்ரை வாய்தான் புத்தகம். அவள் மாத்தினால் எங்களுக்குத் தெரியவே வராது.

கடைசித் தாள்

அண்டைக்கு நல்ல வெயில். காத்து மண்ணை அள்ளி முகத்திலை எறியுது. ஜசி புத்தகத்தைத் திறந்தாள், வாசிக்காமல் இருந்தாள். றோசம்மா வலையைக் கீழை வைச்சாள். அவள் வலையைக் கீழை வைச்சு நான் கண்டதில்லை.

"பிள்ளை," எண்டாள், "எல்லாரும் உன்னட்டை வந்து போனவை. எனக்குத் தெரியும். நீ அதிலை எழுதிக் கிடக்கிறபடி வாசி. எனக்குப் புளுகு சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கு. இதை எழுதினவர் என்னை அறியாத மனுசன். இவர் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம்."

ஜசி வாசிச்சாள். ஒரு சொல்லும் மாத்தேல்லை, அவளின்ரை முகத்திலை தெரிஞ்சுது.

கதையிலை பிலோமினாவின்ரை மகளும் வளந்திட்டாள். அவளுக்குக் கலியாணம். படம் எடுக்கிறவன் எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லுறான். பிலோமினா மகளுக்குப் பக்கத்திலை நிக்கிறாள், ஆனால் ஒட்டி நிக்கேல்லை. நடுவிலை ஒரு ஆள் நிக்கக்கூடிய இடம். "கிட்ட வாங்கோ அம்மா" எண்டுறான் அவன். அவள் சிரிச்சுக்கொண்டு, "இப்பிடியே எடு தம்பி" எண்டுறாள். அவன் எடுக்கிறான்.

ஜசி புத்தகத்தை மூடினாள்.

"பிறகு?" எண்டார் மரியான் அண்ணை.

"முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? அவன் வந்தவனோ, இல்லையோ?"

"எழுதேல்லை அண்ணை."

"என்ன கோதாரி இது!" லூத்தம்மா எழும்பிட்டாள். "இவ்வளவு நாளும் இழுத்துப்போட்டு! பூசையும் குடுத்தமே! கடைசித் தாள் கிழிஞ்சிருக்கும், வடிவாப் பார்!" மரியான் அண்ணை புத்தகத்தைப் பறிச்சு, பின்னட்டையை வெயிலுக்குப் பிடிச்சுப் பாக்கிறார். அதிலை விலையும் எழுதினவரின்ரை படமும்தான் இருந்தது. "இந்தாளைக் கண்டால் கேப்பன்" எண்டார்.

நான் றோசம்மாவைப் பாத்தன். அழுவாள் எண்டு நினைச்சன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா," எண்டாள் என்னை, "அவருக்கும் தெரியேல்லை அக்கா."

"ஆருக்கு?"

"எழுதினவருக்கு. இவ்வளவு பெரிய புத்தகம் எழுதின மனுசன், நினைச்சால் ஒரு சொல்லிலை கொண்டுவந்து விட்டிருக்கலாம், ஒரு சொல்லிலை சாக்காட்டியிருக்கலாம். தனக்குத் தெரியாது எண்டு எழுதி வைச்சிருக்கிறார். இவ்வளவு காலத்திலை, 'எனக்குத் தெரியாது' எண்டு என்னட்டை ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தரம்." கன்னத்தைத் துடைச்சாள், சிரிப்பு நிக்கேல்லை. "அவளுக்கும் தெரியாது. தெரியாமலே பெட்டையைக் கட்டிக்குடுத்திட்டாள், கெட்டிக்காரி."

அதுதான் பிள்ளையள் நான் சொல்லுறது. நல்ல நாவல் எண்டால் அப்பிடி இருக்க வேணும். உன்னைக் கண்டும் இருக்காது, உன்ரை பேரும் தெரியாது. ஆனால் உன்ரை முத்தத்திலை வந்து உனக்குப் பக்கத்திலை குந்தியிருக்கும். கிணத்தடியையும் வாசி, கோப்பையையும் வாசி, வெயில் போறதே தெரியாது. தோணி அட்டையைக் கண்டால் விட்டிடாதை. முடிவு இல்லை எண்டு லூத்தம்மா சொல்லுவாள். நம்பாதை.

றோசம்மா அண்டைக்கே கோயிலுக்குப் போற சீலையை உடுத்துக்கொண்டு சுவாமியிட்டைப் போனாள். நானும் கூடப் போனன்.

"புத்தகம் முடிஞ்சுதோ?" எண்டு சுவாமி கேட்டார்.

"ஓம் சுவாமி. அறிவித்தலை வாசியுங்கோ."

"எது வாசிக்க? திருவோ, காலஞ்சென்றவோ?"

"ரண்டும் வேண்டாம். பேரை மட்டும் வாசியுங்கோ. ஆள்தான் காணாமல் போனது. பேர் என்னட்டை இருக்கு."

சுவாமி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், திருப்பிப் போட்டார். சரி எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.

வந்த ஞாயிறு கோயில் நிரம்பி வழிஞ்சுது. பாசையூர்ச் சனமும் வந்திருந்தது. மாப்பிள்ளையின்ரை தாய் எங்களுக்கு முன் வாங்கிலை. மற்றப் பக்கம் மரியான் அண்ணை, தலை குனிஞ்சு. செலின் தாயின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள்.

சுவாமி வாசிச்சார்: "குருநகரைச் சேர்ந்த அருளப்பு, றோசம்மா ஆகியோரின் மகள் செலின்..."

மாப்பிள்ளையின்ரை தாய் மெல்லத் திரும்பினா. "தகப்பனுக்கு முன்னாலை ஒரு சொல்லை விட்டிட்டார் போலை சுவாமி."

"விடேல்லை," எண்டாள் றோசம்மா. "அவ்வளவுதான்."

மெல்லச் சொல்லத்தான் நினைச்சாள். கோயில் முழுக்கக் கேட்டுது. சுவாமி நிமிந்து பாத்தார். பிறகு, ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது எண்ட மாதிரி, அந்த வரியைத் துடக்கத்திலை இருந்து இன்னொருக்கால் வாசிச்சார்.